அடுத்த கூடத்துச் சத்தியம்

அந்தத் துறைமுகத்தில் மோட்டார்களுக்கு மதம் கிடையாது. எந்தப் படகின் மோட்டார் கெட்டாலும் நேராக மெக்கானிக்கின் பட்டறைக்குத்தான் வரும். மெக்கானிக் என்றால் ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்கள், கிரீஸ் அப்பிய கையோடு நிற்கிறவளிடமே, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, கை கழுவப் போறாரு, உக்காருங்க" என்பாள். உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, "ம், சொல்லுங்க" என்று நிற்பாள். அந்த ஆள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

பட்டறை இருந்த இடமும் அப்படி ஒரு நடு இடம். கரையோரத்தில் மணிக்கூடம். அதற்குப் பின்னால் மேட்டின் மேல் விளக்குக்கூடம். இரண்டுக்கும் நடுவே ஏறிப்போகிற தெருவின் பாதியில் பட்டறை. இரண்டும் வழிபாட்டு இடங்கள். இரண்டுக்கும் நீளமான புனிதப் பெயர்கள் உண்டு, வாசல் பலகையில் எழுதியும் இருக்கிறது. ஆனால் கடலில் இருக்கிறவனுக்குப் பலகை தெரியாது. மூடுபனியில் அவனுக்குக் கேட்பது ஒன்றின் மணி, இருட்டில் தெரிவது இன்னொன்றின் விளக்கு. அதனால் அவை மணிக்கூடமும் விளக்குக்கூடமும் ஆகிவிட்டன. திரும்பி வரும்போது விளக்கு மணிக்கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்தமாதிரி தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் படகு சரியான வழியில் இருக்கிறது என்று பொருள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவன் பாறையில் ஏறுவான். இது இரண்டு கூடத்தாருக்கும் தெரியும். கடலில் இருக்கும்வரை தெரியும் என்று சொன்னால் இன்னும் சரி. கரையில் கால் வைத்ததும் மறந்துவிடும்.

வெட்டுக்குத்து என்று ஒன்றும் கிடையாது. ஒரு கூடத்தார் வீட்டுச் சாவுக்கு மற்றவர்கள் தவறாமல் வருவார்கள். கல்யாணத்துக்கு மட்டும் வயிற்றுவலி வந்துவிடும். மெக்கானிக் பிறந்தது விளக்குக்கூடத்தில், வாழ்க்கைப்பட்டது மணிக்கூடத்தில். அவள் கல்யாணத்தன்று அவளுடைய அண்ணனுக்கு வந்த வயிற்றுவலி இன்னும் தீரவில்லை.

அண்ணனை ஊரே கடுகு என்றுதான் கூப்பிடும். ஆள் சின்ன உருவம், காரம் கொஞ்சமும் குறையாது. விளக்குக்கூடத்துப் படகுக்காரர்கள் எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். மோட்டார் கெட்டால் தங்கையின் பட்டறைக்கு வருவார், உட்காருவார், குறை சொல்லுவார். ஆனால் பட்டறைக்கும் பின்னாலிருந்த வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. தங்கையின் கணவனை மாப்பிள்ளை என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு" என்பார், அந்த வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது.

வீட்டுக்காரனுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: நாளைக்கு. கூரை ஒழுகுதே என்றால், நாளைக்கு. வலை கிழிஞ்சிருக்கே என்றால், நாளைக்கு. நல்ல மனுஷன், மணிக்கூடத்துப் படகுகளில் அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு, கடலில் இறங்கிவிட்டால் கை ஓயாது. கரையில்தான் இப்படி. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கேட்டு மெக்கானிக்குக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்த வருஷம்தான் அவன் ஒரு விஷயத்தில் நாளைக்கு என்று சொல்லாமல் போனான்.

"உள்நாட்டுல சோப்புக் கம்பெனியில என் சித்தப்பா பையன் இருக்கான்ல, இடம் இருக்கு வாங்கன்றான்" என்று ஒருநாள் காலையில் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னான். "இந்தத் தடவை காத்து திரும்பிப் புது சீசன் வர்றப்பவும் மீன் இல்லன்னா, போயிடலாம். படகைக் குடுத்துடலாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடலே இல்லாத ஊரில் படகு மோட்டார் மெக்கானிக்குக்கு என்ன வேலை? சோப்பு வாசத்தில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்தத் தெருவையும் இந்தப் பட்டறையையும் விட்டுவிட்டு அவளால் இருக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மீன் ஏன் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்துக்கு வடக்கே புல்லுக்குடா என்று ஒரு குடா. ஆழமில்லாத தண்ணீர், அடியில் வயல்மாதிரி கடல்புல். மீன்கள் முட்டை போடுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். வெளியே மீன் குறையக்குறைய, ஆட்கள் சின்னக்கண்ணி வலையை எடுத்துக்கொண்டு குடாவுக்குள் நுழைய ஆரம்பித்தார்கள். விதைநெல்லை வறுத்துத் தின்கிற கதை. வாரத்தில் ஒருநாள் மணிக்கூடத்தாருக்கு ஓய்வுநாள், படகு எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு விளக்குக்கூடத்தார், இன்று போட்டி இல்லை என்று குடாவை வழித்து எடுப்பார்கள். விளக்குக்கூடத்தாரின் ஓய்வுநாளில் மணிக்கூடத்தார் அதையே செய்வார்கள். கடவுள் பேரைச் சொல்லி மனிதர்களுக்கு ஓய்வு கிடைத்தது. குடாவுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

இதைப் பற்றிப் பிரசங்கம் இல்லாமல் இல்லை. மணிக்கூடத்துப் பெரியவரை மணி ஐயா என்பார்கள். தொந்தியும் தூக்கமும் அவருக்குக் கூடப்பிறந்தவை, ஆனால் குரல் எழுந்தால் சுவர் அதிரும். "கடல் நம்ம சொத்து இல்லை, நம்மகிட்ட ஒப்படைச்சது, நாம காவல்காரங்க" என்று அவர் சொன்னால் கண் கலங்காதவர் கிடையாது. விளக்குக்கூடத்தில் விளக்கம்மா. ஒல்லியான, வேகமான பெண்மணி, நின்றுகொண்டே சாப்பிடுகிற ரகம். "ஒவ்வொரு உயிரும் ஒரு திரி, ஒரு திரியை அணைச்சா நம்ம வெளிச்சமும் குறையும்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் குடாவில் வலையை இறக்குவார்கள்.

ஒருநாள், உச்சி விளக்குக்கும் கூடத்துக்கும் கரண்ட் தருகிற விளக்குக்கூடத்து ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது. விளக்கம்மாவே அதைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார், கூடக் கடுகு. அதே நேரத்தில் மணிக்கயிறு ஓடுகிற உருளைக்குக் கிரீஸ் வேண்டும் என்று மணி ஐயாவும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். அவள் வீட்டுக்காரன் நாளைக்கு ஏற்கெனவே அங்கே ஒரு கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டாள். அதற்குள் பேச்சு குடாவுக்குப் போய்விட்டது.

"நாங்க நிறுத்தத் தயார்" என்றார் கடுகு, தங்கையைப் பார்த்து. "உன் வீட்டுக்காரர் ஆளுங்க நிறுத்துவாங்களா, கேளு."

"நாங்களும் தயார்தான் மச்சான்" என்றான் நாளைக்கு. "ஆனா நாங்க நிறுத்தினதும் உங்க ஆளுங்க உள்ள பூந்துட மாட்டாங்கன்னு என்ன உறுதி?"

"அவங்கவங்க கூடத்துல சத்தியம் பண்ணட்டுமே" என்றார் மணி ஐயா.

கடுகு சிரித்தார். "உங்க கூடத்துச் சத்தியமா? வாரம் முழுக்கத் தப்புப் பண்ணிட்டு, கடைசி நாள் வந்து மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதே. உங்க ஆளுங்களுக்கு அது பழக்கம்."

"உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்?" என்று நாளைக்கும் சூடானான். "ஒரு கரண்டி எண்ணெயை விளக்குல ஊத்திட்டுக் கணக்கு நேராயிடுச்சுன்னு போறவங்கதானே."

மணி ஐயாவும் விளக்கம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் ஆட்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா என்ன.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை ஊதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்ப மாத்திப் பண்ணுங்களேன்."

"எதை?"

"சத்தியத்தை. இவங்க அங்க போய்ப் பண்ணட்டும், அவங்க இங்க வந்து பண்ணட்டும். நம்ம கடவுள் நமக்குப் பழக்கம். எப்பக் கோபப்படுவார், எப்ப விட்டுடுவார், எல்லாம் அத்துப்படி. அடுத்த கூடத்துக் கடவுளோட குணம் யாருக்குத் தெரியும்? பயம் இருக்கும்ல."

அவள் பாதி கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கடுகின் முகத்தில் ஒரு கலக்கம் வந்ததை அவள் பார்த்தாள். அவர் மணிக்கோபுரம் இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கடவுள் ஒருத்தர்தான்னு ரெண்டு கூடத்துலயும் சொல்றோம்" என்றார் மணி ஐயா மெதுவாக.

"சொல்றோம்" என்றார் விளக்கம்மா. "இவங்க இன்னும் நம்பல. அது நல்லதுக்குத்தான். அம்மா மெக்கானிக், ஜெனரேட்டரைச் சீக்கிரம் ஓட வை. இருட்டுல சத்தியம் வாங்க முடியாது."

சத்தியத்தின் வாசகத்தை விளக்கம்மாதான் சொல்லிக்கொடுத்தார்: காற்று திரும்பும்வரை குடாவில் வலை போடமாட்டேன், நங்கூரம் இறக்கமாட்டேன், தவறினால் இங்கேயே வந்து என் வாயால் சொல்லுவேன்.

அந்த நாளைப் பற்றி ஊரில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். விளக்குக்கூடத்துக்குள்ளே எரிகிற எண்ணெய் விளக்குக்கு முதுகு காட்டக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மணிக்கூடத்து ஆட்கள் சத்தியம் செய்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்தார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்து, வாசல்படியில் நாலைந்து பேர் ஒன்றாகச் சரிந்து, தெருவுக்கு வந்தபிறகும் ரொம்ப தூரம் அப்படியே போனார்கள். கீழே மணிக்கூடத்தில் மணி ஒருமுறை அடித்தால் எழுந்து நிற்க வேண்டும், மறுமுறை அடித்தால் உட்கார வேண்டும். கடுகுக்கு அந்த வரிசை பிடிபடவில்லை. எல்லாரும் எழும்போது உட்கார்ந்தார், உட்காரும்போது எழுந்தார். கடைசியில் வம்பு எதற்கு என்று பாதி குனிந்த நிலையிலேயே நின்று சத்தியம் செய்தார். வெளியே வந்தபோது சட்டை முழுக்க வேர்வை. "பெரிய மணி அது, தங்கச்சி" என்றார் மெக்கானிக்கிடம், குரலைத் தாழ்த்தி. "நெஞ்சுக்குள்ள அடிக்குது."

அதற்குப்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. குடாவில் ஒரு படகு கிடையாது. இரண்டு கூடத்தாரும் பாறைக்கு வெளியே போய், கிடைத்ததைக் கொண்டுவந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். அது மட்டுமா. எதிரியின் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவனாக இருக்கத் தோன்றும்போல. விளக்குக்கூடத்துப் பெண்கள் கரையில் கிடந்த கிழிந்த வலைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மணிக்கூடத்துப் பெண்கள் தங்கள் பக்கத்தைப் பெருக்கி, எல்லைக்கு அப்பாலும் கொஞ்சம் பெருக்கிவிட்டு, "உங்க பக்கம் விட்டுப்போயிருந்துச்சு, நாங்களே பண்ணிட்டோம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளே பதிலுக்குப் பதில். கரை அந்த மாதிரிச் சுத்தமாக இருந்ததே இல்லை. பொறாமைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று மெக்கானிக் அன்றுதான் கண்டுகொண்டாள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் ஓட்டை விழுந்தது அவள் வீட்டிலிருந்துதான்.

ஊர் மோட்டாரையெல்லாம் பூப்போல ஓட வைப்பாள், வீட்டு மோட்டார் மட்டும் இருமிக்கொண்டே கிடக்கும். பெட்ரோல் பைப்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று நாளைக்கு எப்போதோ சொல்லியிருந்தான். பணம் கொடுத்து வருகிறவர்களின் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று அவளும் தள்ளிப்போட்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அவன் தனியாகத் திரும்பி வரும்போது, குடாவின் வாய்க்கு நேராக மோட்டார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றுபோனது. அன்றைக்கு நீரோட்டம் உள்நோக்கி இழுத்தது. துடுப்பைப் போட்டுப் பார்த்தான், பலிக்கவில்லை. படகு குடாவுக்குள் போய்ப் பாறையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் நங்கூரத்தை இறக்கினான். அது ஒரே இடத்தில் நிற்காமல் புல்லை வாரிக்கொண்டு இழுபட்டது. தெளிந்த தண்ணீர். அடியில் ஒரு கோடு கிழிந்துகொண்டே வருவதை அவன் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நீரோட்டம் ஓய்ந்ததும் துடுப்புப் போட்டு வெளியே வந்தான். சுற்றுவட்டத்தில் ஒரு படகு இல்லை.

பட்டறைக்கு வந்து சொன்னபோது அவன் முகம் வெளுத்திருந்தது. மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் எழுந்துபோய்த் தெருப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"யாரும் இல்ல."

"அப்ப வாயை மூடிட்டு இருங்க."

"அது எப்படி..."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? மணிக்கூடத்தான் மீறிட்டான்னு அண்ணன் குதிப்பார். சாயந்திரத்துக்குள்ள ரெண்டு பக்கமும் வலையோட குடாவுல நிக்கும். அப்புறம் காத்து திரும்பினாலும் ஒண்ணுதான், திரும்பாட்டியும் ஒண்ணுதான். நீங்க என்னைச் சோப்புக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க." அவள் ஸ்பானரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். "வேணும்னே பண்ணலியே. எல்லாம் ஆறினப்புறம் ஒருநாள் சொல்லிக்கலாம். நாளைக்குச் சொல்லலாம்."

அவன் தலைகுனிந்து யோசித்தான். "நம்ம கூடம்னா நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். "மணி ஐயாவும் கடவுளும் எனக்கு எத்தனை வருஷப் பழக்கம். இது அப்படி இல்ல. அங்க என்னை நம்பி உள்ள விட்டாங்க. அந்த விளக்குக்கு முன்னாடி நின்னு சொல்லியிருக்கேன்." எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டான். "இன்னிக்கே போறேன்."

மெக்கானிக்குக்கு ஒரு நிமிஷம் கோபமே மறந்துபோனது. இந்த மனுஷன் வாயிலிருந்து இன்னிக்கே என்ற வார்த்தையை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டதில்லை. அவன் மேட்டில் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடினாள்.

விளக்குக்கூடத்தில் அப்போது விளக்கம்மா திரி திரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் டிரம்களை உருட்டி வைத்துக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இல்லை, கடுகு. பிடித்தாலும் பிடித்தது சனி என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டாள். நாளைக்கு விளக்குக்கு முன்னால் போய் நின்றான். சுற்றி வளைக்காமல் சொன்னான். குடாவுக்குள் போனது, நங்கூரம் இறக்கியது, புல் கிழிந்தது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, விளக்குக்கு முதுகு காட்டித் திரும்பவும் துணியாமல், அப்படியே நிற்கவும் முடியாமல் பக்கவாட்டில் ஒதுங்கினான்.

கடுகு டிரம்மை நிமிர்த்தி வைத்தார். மெக்கானிக் வாசலிலேயே நின்றாள்.

"யாராவது பாத்தாங்களா?" என்றார் கடுகு. பல வருஷத்தில் முதல் தடவையாக நேராக அவனிடமே கேட்டார்.

"இல்ல மச்சான்."

"அப்புறம் எதுக்கு வந்து சொல்றே?"

"எங்க கடவுள்கிட்டன்னா எப்படியாவது பேசிச் சமாளிச்சிருப்பேன். இவர்கிட்ட எப்படிப் பேசணும்னே எனக்குத் தெரியல. அதான் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன்."

விளக்கம்மா திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "நானும் இத்தனை வருஷமா எங்க ஆளுங்ககிட்ட இதைத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றார். "ஒருத்தர்கூட உள்ளதை உள்ளபடி சொல்லல."

கடுகு சிரிக்கவில்லை. "மோட்டார் ஏன் நின்னுச்சு?"

நாளைக்கு கூரையைப் பார்த்தான். "பழைய மோட்டார். என்ன பண்றது."

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அவன் மேலே பார்த்துக்கொண்டு நிற்பது மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்தாள். "பழைய மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெட்ரோல் பைப்புல விரிசல். காத்து உள்ள போயிருக்கு. எப்பவோ சொன்னார். நான்தான் மாத்தாம விட்டேன்."

"ஏன் விட்டே?"

அவள் கழுவாத தன் கையைப் பார்த்துக்கொண்டாள். வேறு வழியில்லை. "நாளைக்குப் பண்றேன்னு சொன்னேன் அண்ணா."

கடுகு தங்கையைப் பார்த்தார், அவள் கணவனைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது. அடக்கப்பார்த்தார், முடியவில்லை. டிரம்மைத் தட்டித்தட்டிச் சிரித்தார். கூடமே எதிரொலித்தது. சிரிப்பு அடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அவர் சொன்ன வார்த்தையைக் கேட்டு மெக்கானிக்கின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"வாங்க மாப்பிள்ளை, முதல்ல அந்தப் பைப்பைப் பாக்கலாம். இவளை நம்பினா நீங்க தினமும் குடாவுலதான் கிடப்பீங்க."

விளக்கம்மா சும்மா விட்டுவிடவில்லை. இன்றைக்கு இவன் படகு நின்றது, நாளை இன்னொருவன் படகு நிற்கும். ஒவ்வொருவனும் புல்லில் நங்கூரம் இறக்கினால் சத்தியம் என்னத்துக்கு என்றார். குடாவின் வாயில், புல் இல்லாத மணல் தரையில் ஒரு மிதவை கட்டிப்போட்டுவிட்டால், நின்றுபோன படகு அதைப் பிடித்துக் கட்டிக்கொள்ளலாம். மணி ஐயாவுக்கு ஆள் போனது. அவர் பழைய மணிக்கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தார். மிதக்க விடுவதற்கு விளக்குக்கூடத்தின் காலி எண்ணெய் டிரம். கீழே கனமாகக் கட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்றபோது எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். பட்டறை மூலையில் ஒரு பெரிய பழைய இரும்பு என்ஜின் கட்டை இருந்தது. என்றைக்காவது உதவும் என்று அவள் பொத்திப்பொத்தி வைத்திருந்தது. மனசில்லாமல்தான் கொடுத்தாள். அதுகூடப் பரவாயில்லை, ஒரு சொட்டு எண்ணெய் கடலில் கலக்கக்கூடாது என்று விளக்கம்மா சொல்லிவிட்டார். அந்தக் கட்டையை அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். விளக்கம்மா வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, கறுப்பாக வந்ததும் துணியைக் காட்டினார். மறுபடியும் தேய்த்தாள். சோப்புக் கம்பெனிக்குப் போகாமலே அந்த வேலை கற்றாயிற்று என்று நாளைக்கு சொன்னான். அவள் நனைந்த துணியை அவன் மேல் எறிந்தாள்.

பைப்பையும் அன்றைக்கே மாற்றினாள். புதுப் பைப் வீட்டுக்குள்ளே, சமையலறைப் பரணில் இருந்தது. "எங்க வச்சிருக்கே, நான் எடுக்கறேன், நீ மோட்டாரைப் பிரி" என்று சொல்லிக்கொண்டே கடுகு அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனார். போனது அவருக்கே தெரியவில்லை. பரணைக் குடைகிற சத்தம் கேட்டது. "என்ன வீடு இது, ஒரு பொருள் இருக்கற இடத்துல இல்ல" என்று திட்டுகிற சத்தமும் கேட்டது. மெக்கானிக், ஏதாவது சொன்னால் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயத்தில், பிரித்த மோட்டாரையே திரும்பத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

காற்று திரும்பியது. குடாவைத் திறந்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, புல் இருக்கிற உள்குடா இனிமேல் எப்போதும் மூடியே இருக்கட்டும் என்று முதலில் சொன்னது கடுகுதான். "திரும்பவும் சத்தியம் பண்ணணும்னா சொல்லுங்க, வரேன். ஆனா அந்த மணியைக் கொஞ்சம் மெதுவா அடிங்க" என்றார்.

காற்று திரும்பிய முதல் நாளன்று எல்லாப் படகுகளும் பாறைக்கு வெளியே வலை போடப் போயிருந்தன. மெக்கானிக்குக்கு வேலை ஓடவில்லை. ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றப்போனபோது, அது கெட்டுப்போனதே இல்லை என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டாள். படகுகள் திரும்புகிற நேரத்தில் கரைக்கு இறங்கிப்போய் நின்றாள். மீன் வராவிட்டால் இந்த இடத்தில் இப்படி நிற்பதற்கு இதுதான் கடைசி வருஷம்.

முதலில் தெரிந்தது அவர்கள் படகுதான். அது எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். மெக்கானிக்கின் கண் அது, பாரத்தைச் சரியாகச் சொல்லும். மோட்டார் சத்தம் கனத்துக் கேட்டது, இருமல் இல்லை. படகு கரை தட்டியதும் எட்டிப் பார்த்தாள். பழைய காலத்தில் வந்தமாதிரி குவியல் இல்லை. ஆனால் கை அகலத்துக்கு, செதில் மின்னுகிற, வளர்ந்த மீன்கள். பார்த்து ரொம்ப நாளான சில வகைகளும் இருந்தன. பின்னாலேயே கடுகின் படகு வந்தது. அதிலிருந்து அவர், "மாப்பிள்ளை, என்னுதுதான் பெருசு, பாத்துக்கங்க" என்று ஒரு மீனைத் தூக்கிக் காட்டினார்.

கணவனின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தான். சித்தப்பா பையன். கரையில் நின்றவளுக்கே அவன் குரல் கேட்டது. இடத்தை எத்தனை நாள் பிடித்துவைப்பது, வருகிறீர்களா இல்லையா என்று அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தான். மெக்கானிக் கணவனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் படகைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"அதுவா?" என்றான் போனில். "நாளைக்குச் சொல்றேன்டா."

இத்தனை வருஷத்தில் காது புளித்துப்போன அந்த வார்த்தை அவளுக்கு முதல்முறையாக இனித்தது. இறங்கிப்போய் அவனோடு சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்தாள்.